ரவுட்டர் வாங்கும் முன் ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள்

தொலைபேசி நிலையத்தின் பழுது பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், வீட்டு இணையம் பற்றிய கடிதங்களை ஆசிரியர் என்னிடம் அனுப்பிவைக்கிறார். இம்முறை கட்டு பெரிது. பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஒரே கேள்வி: "எந்த ரவுட்டர் வாங்கலாம்?" தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு வேறு, வீட்டுக்குள் பரவும் வைஃபை வேறு. பழுது எதில் இருக்கிறது என்று பார்க்காமலே பலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். உழைத்துச் சம்பாதித்த பணம் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் சில பதில்களைக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

அம்மா, தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பிராட்பேண்ட் எங்கள் வீட்டில் வெகுகாலமாக இருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய மோடம் ரவுட்டர் இன்றும் ஓடுகிறது. இப்போது ஃபைபருக்கு மாறச் சொல்கிறார்கள். பழைய மோடத்தையே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், பண்ருட்டி

மோடமாக வைத்துக்கொள்ள முடியாது, ஐயா. உங்களிடம் இருப்பது ஏ.டி.எஸ்.எல். மோடம். பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் தொடங்கியபோது வந்த முறை அது. ஒரே செம்புக் கம்பி இணையில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகும். அதற்கு மேலே, ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நீங்கள் அனுப்புவதும், 138 முதல் 1,104 வரை உங்களுக்கு வருவதும் ஓடும். இரண்டும் கலந்து போனில் இரைச்சல் கேட்காமலிருக்கத்தான் ஸ்பிளிட்டர் என்ற சிறிய வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினோம். நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட உயர் அலைவரிசைகள் கம்பியிலேயே தேய்ந்துபோகும். ஏ.டி.எஸ்.எல்.2+ முறையில் நொடிக்கு 24 மெகாபிட் வரை வரலாம் என்று ஏட்டில் இருந்தாலும், ஊர்க்கோடி வீடுகளுக்கு இரண்டு மூன்று வந்ததே பெரிது. அந்தத் தேய்வோடு போராடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி உங்களுடையது.

ஃபைபரில் வருவது ஒளி. உங்களுக்கு வருவது 1,490 நானோமீட்டர் அலைநீளத்திலும், நீங்கள் அனுப்புவது 1,310 நானோமீட்டரிலும் ஒரே இழையில் எதிரெதிராகப் போகின்றன. அதை மின்குறியாக மாற்றும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அதன் வரிசை எண்ணை நிறுவனம் தன் கருவியில் பதிவு செய்தால்தான் அது உயிர்பெறும். ஆகவே கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். நிறுவனம் தருவதையோ, அவர்கள் ஒப்புக்கொள்ளும் மாதிரியையோதான் வைக்க வேண்டும்.

பழைய பெட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. என்ற வசதியை நிறுத்திவிட்டு, புதிய பெட்டியின் லேன் (வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும்) துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒரு கேபிள் கொடுத்தால், இன்னோர் அறைக்கு வைஃபை தரும் கருவியாக வேலை செய்யும். வேகம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பிரிண்டருக்கும் பிள்ளைகளின் பாட வீடியோவுக்கும் தாராளமாகப் போதும்.

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய வீடு. 100 மெகாபிட் திட்டம். வாசலில் நன்றாக வருகிறது, அடுக்களையிலும் மாடி அறையிலும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று மகன் சொல்கிறான். வாங்கலாமா, அக்கா?
— வாசகி, கும்பகோணம்

இன்னும் வாங்க வேண்டாம், அம்மா. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். மடிக்கணினியை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளைச் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள மற்ற போன்கள், தொலைக்காட்சி எல்லாம் அந்த நேரத்தில் இணையத்தில் இருக்கக் கூடாது. காலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு முறை அளக்க வேண்டும். கேபிளிலேயே 20, 30 என்று வந்தால் குறை தெருவில் இருக்கிறது. எட்டாயிரம் அல்ல, எண்பதாயிரம் கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் அது மாறாது. புகார்தான் கொடுக்க வேண்டும். கேபிளில் 90-க்கு மேல் வந்து, அடுக்களையில் மட்டும் வராவிட்டால் குறை உங்கள் வீட்டுக்குள், சுவர்களுக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் நன்றாக வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். என்றாலும் அளந்துவிடுங்கள்.

உங்கள் ஊர் வீடுகளின் அமைப்பை நான் அறிவேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். இணைப்பு கொடுக்க வருபவர் மின்மீட்டருக்குப் பக்கத்தில், ரேழிச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். கம்பி உள்ளே நுழையும் இடம் அது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அங்கிருந்து கிளம்பும் வைஃபையில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி, ஒன்றரை அடிச் செங்கல் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு அடுக்களைக்கு வர வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வீட்டு ரவுட்டர்களின் ஒலிபரப்புச் சக்திக்கு வரம்பு உண்டு. எட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியும் அந்த வரம்புக்குள்தான் பேச வேண்டும். அது எவ்வளவு உரத்துப் பேசினாலும், உங்கள் கையிலுள்ள போன் திரும்பப் பேசுகிற குரல் சிறியதுதானே? சுவருக்கு அப்பாலிருந்து வரும் அந்தச் சன்னக் குரல் ரவுட்டரின் காதில் விழாவிட்டால் இணைப்பு நிற்கத்தான் செய்யும்.

ஆகவே பெட்டியை இடம் மாற்றுங்கள். கூடத்தில், முற்றத்தைப் பார்த்தபடி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சாரல் படாத இடத்தில் வையுங்கள். திறந்த முற்றத்தின் குறுக்கே அலை தடையில்லாமல் போகும். அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் கிடைக்காது. இரும்பு பீரோவுக்குப் பின்னால், பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும். ஃபைபர் கேபிளைக் கூடம் வரை நீட்டித் தரும்படி இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள். கூடுதல் கேபிளுக்குச் சிறு தொகை வாங்கினால் கொடுத்துவிடலாம். மூலைகளில் இழையைச் சட்டென்று மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைந்து போகட்டும்.

அடுத்தது அலைவரிசை. உங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் பேசுமா என்று பாருங்கள். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் தடித்த சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் கூடத்தில் 5, தள்ளியிருக்கும் அறைகளில் 2.4 என்று பயன்படுத்துங்கள். 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. போனில் வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைந்திருப்பதை இந்த மூன்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் அடுக்களை தேறிவிடும். மாடி தேறாமல் போகலாம், ஏனென்றால் நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கிறது. மாடிக்கு ஒரு லேன் கேபிளை ஏற்றுங்கள். நான் மனதாரப் பரிந்துரைக்கும் வழி இதுதான். மேலே அந்தக் கேபிளின் முனையில் இரண்டாயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கும் சாதாரண இரட்டை அலைவரிசை ரவுட்டர் ஒன்றை, வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் நிலையில் வைத்தால், மாடியில் தனியாக இணைப்பு வாங்கியதுபோல இருக்கும். கீழே உள்ள அதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கும் கொடுங்கள், சேனலை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது கேட்-6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். உறையைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அது சில வருடங்களில் முனையில் முறிந்துபோகும், சுவருக்குள் போட்ட கேபிளை மறுபடி மாற்றுவது பெரும்பாடு. மின்கம்பி போகும் அதே குழாயில் இதையும் திணிக்க எலக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள், தனிக் குழாய் வேண்டும். நீளம் 100 மீட்டருக்குள் இருந்தால் வேகத்தில் குறை வராது.

சுவரைத் தொடவே முடியாது என்றால் மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதை வாங்கலாம். பெட்டிகளுக்கு இடையே அவை காற்றிலேயே பேசிக்கொள்ளும். ஆனால் உங்கள் வீட்டுச் சுவர்கள் அவற்றுக்கு நடுவிலும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். சுவர்ப் பிளக்கில் செருகும் மலிவு ரிப்பீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரே ரேடியோவால் கேட்டு, அதனாலேயே திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும்.

மகனிடம் சொல்லுங்கள்: அவன் சொன்ன எட்டாயிரத்தில் கேபிள், குழாய், ஆள் கூலி, மாடிக்கு ஒரு ரவுட்டர் எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும்.

ஆன்டெனா அதிகம் இருந்தால் வேகம் அதிகமா?
— வாசகர், கரூர்

எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டாம். நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியிலும் பெரும்பாலும் ஓர் அலைவரிசைக்கு இரண்டுதான் வேலை செய்யும். உங்கள் போனுக்குள்ளும் வைஃபைக்குப் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். கொம்பே வெளியில் தெரியாத நல்ல ரவுட்டர்கள் உண்டு.

200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். எந்த நேரத்தில் அளந்தாலும் 94-ஐத் தாண்டுவதில்லை. ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், திருப்பூர்

94 என்று துல்லியமாக எழுதியதற்கு நன்றி, தம்பி. அந்த எண்ணே பழுதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏறி இறங்காமல் 94, 95-இல் முட்டி நின்றால், வழியில் எங்கோ 100 மெகாபிட்டுக்கு மேல் விடாத துளை ஒன்று இருக்கிறது. 100-இல் ஐந்தாறு, தரவைப் பொட்டலம் கட்டுவதற்கே போய்விடும். நிறுவனம் ஏமாற்றினால் இவ்வளவு நேர்த்தியாக ஒரே எண்ணில் நிற்காது.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. ஓ.என்.டி. பெட்டியின் லேன் துளைகளில் சில மாதிரிகளில் ஒன்று மட்டும்தான் கிகாபிட் (1,000 மெகாபிட்), மற்றவை 100. துளைக்குப் பக்கத்தில் 'ஜி.இ.', 'எஃப்.இ.' என்பதற்கான ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருந்தால் ஜி.இ. துளையில் மாற்றிச் செருகுங்கள். அடுத்தது ரவுட்டர். பெட்டியின் மேல் 1,200 என்று பெரிதாகப் போட்டிருக்கும், பின்னால் உள்ள துளைகள் வெறும் 100-ஆக இருக்கும். அப்படிப்பட்டவை இன்றும் விற்பனையில் இருக்கின்றன, அது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்பேன். மூன்றாவது கேபிள். உள்ளே நான்கு இணைக் கம்பிகள் இருக்கும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். முனையில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால், கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. உங்கள் மடிக்கணினியின் துளையும் பழையதாக இருக்கலாம் என்பதால், அதன் இணைப்பு அமைப்பில் வேகம் 100 என்று காட்டுகிறதா, 1,000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சில செயலிகள் வேகத்தை மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் ஒரு பைட். 200 மெகாபிட் இணைப்பில் படம் இறங்கும்போது நொடிக்கு 25 மெகாபைட் என்று காட்டினால் உங்களுக்கு வர வேண்டியது முழுதாக வந்துகொண்டிருக்கிறது.

இணைப்புக் கொடுத்தவர்கள் தந்த பெட்டியிலேயே வைஃபை இருக்கிறது. தனியாக ரவுட்டர் வாங்கத்தான் வேண்டுமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகி, சேலம்

இரண்டு படுக்கையறை அடுக்ககம், நான்கைந்து போன், ஒரு தொலைக்காட்சி என்றால் தேவையில்லை. வீடியோ அழைப்பு ஒன்றுக்கு மூன்று நான்கு மெகாபிட் போதும், 4-கே தரத்தில் ஒரு படத்துக்கு 15 முதல் 25 வரை. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் எதையாவது பார்த்தாலும் 100 மெகாபிட் திட்டம் தாங்கும். வந்த பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாவிட்டாலோ, கருவிகள் கூடக் கூட அது திணறினாலோ வாங்குங்கள்.

வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். வான் என்று எழுதியிருக்கும், வெளியிலிருந்து இணையம் வரும் துளையும் லேன் துளைகளும் கிகாபிட்டாக இருக்க வேண்டும். முன்பக்கத்து எண், இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. ஏ.சி.1200 என்றால் 300-ம் 867-ம், ஏ.எக்ஸ்.1500 என்றால் 300-ம் 1,201-ம். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அதிலும் நடைமுறையில் பாதி கிடைத்தால் நல்லது. ஏ.எக்ஸ். என்பது வைஃபை 6. பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசும்போது அவற்றை முறைப்படுத்துவதில் பழையவற்றைவிடச் சிறந்தது. புதிதாக வாங்குவதென்றால், விலை வித்தியாசம் ஓராயிரத்துக்குள் இருக்குமானால் அதையே எடுங்கள். டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு இருக்கிறதா, தயாரிப்பாளர் தன் தளத்தில் அந்த மாதிரிக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு கொடுத்துவருகிறாரா என்றும் பாருங்கள். புதுப்பிப்பு நின்றுபோன மாதிரியைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ஏ.டி.எஸ்.எல். மோடம் சேர்ந்த ரவுட்டரை ஃபைபர் வீட்டுக்கு விற்றுவிடுகிற கடைகள் இருக்கின்றன. பின்னால் தொலைபேசி பிளக் போகும் சிறிய துளை இருந்து, வான் என்ற துளை தனியாக இல்லாவிட்டால் அது உங்களுக்கானது அல்ல.

நல்ல ரவுட்டர் வாங்கி ஃபைபர் பெட்டியோடு இணைத்தேன். வைஃபை பெயர் தெரிகிறது, இணையம் வரவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கிறார்.
— வாசகர், சிவகாசி

ரவுட்டரில் குறை இருக்காது, தம்பி. ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைச் சொல்லிக்கொண்டு நின்றால் எதை எங்கே அனுப்புவதென்று தெரியாமல் போகும். உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

எளிய வழி, புதியதை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுவது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆப்பரேஷன் மோட்' என்ற இடத்தில் இது இருக்கும். பழைய பெட்டி எல்லாருக்கும் முகவரி கொடுக்கும், புதியது வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளும். பெட்டியிலுள்ள பழைய வைஃபையை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும்.

முழுப் பொறுப்பையும் புதியதற்கே தர விரும்பினால், ஃபைபர் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அப்போது நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழைவதற்கான பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயர், கடவுச்சொல், இணையத் தரவு போகும் தடத்தைக் குறிக்கும் வி.லேன் எண் ஆகிய மூன்றையும் அவர்களிடமிருந்து வாங்கிப் புதிய ரவுட்டரில் எழுத வேண்டும். இந்த மூன்றையும் இணைப்புக் கொடுக்க வந்த அன்றே கேட்டுக் குறித்துவைக்காத வீடுகள்தான் அதிகம். பின்னால் ஒரு ரீசெட் பொத்தானை யாரோ ஊசியால் அழுத்திவிட்டால், அந்தக் குறிப்பு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. மின்கட்டண அட்டை இருக்கும் அதே இடத்தில் அதையும் வையுங்கள். பெட்டியைப் பிரிட்ஜ் ஆக்கினால் அதிலிருந்து வரும் தரைவழித் தொலைபேசி தொடர்ந்து வேலை செய்யுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மழைக்காலம் வந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. பெட்டியை மாற்றச் சொல்லலாமா?
— வாசகர், நாகர்கோவில்

எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு, ஒளி வந்துசேரவில்லை என்று சொல்கிறது. பெட்டி சரியாக வேலை செய்வதால்தான் அதைச் சொல்ல முடிகிறது. மழைநீர் இழைக்குள் வரும் ஒளியை அணைப்பதில்லை. காற்றில் கேபிள் இழுபடுவது, கம்பத்திலுள்ள இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகுவது, தென்னை மட்டை விழுந்து கேபிள் மடங்குவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். நீங்கள் பார்க்கக்கூடியது, வீட்டுக்குள் கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, பச்சை நிற முனை பெட்டியில் இறுக்கமாக அமர்ந்திருக்கிறதா என்பது மட்டும். பச்சை முனைக்குப் பச்சைத் துளைதான் வேண்டும். நீல முனையைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் முகங்கள் சரியாகப் பொருந்தாமல் ஒளி பாழாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பழுது பார்க்க வருபவரிடம் ஒளி அளவு எத்தனை டி.பி.எம். என்று கேளுங்கள். இது கழித்தல் குறியோடு வரும். கழித்தல் 18 முதல் 24 வரை என்றால் நிம்மதியாக இருக்கலாம். கழித்தல் 27-ஐ ஒட்டியிருந்தால், இன்று விளக்கு பச்சையாக இருந்தாலும் அடுத்த காற்றுக்கே போய்விடும். "இப்போது வருகிறதே" என்று அவர் கிளம்பினால், இந்த எண்ணைச் சொல்லி இணைப்பை மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாள்தோறும் கம்பம் ஏறுகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். எண்ணோடு கேட்கும் வாடிக்கையாளர் அவர்களுக்கும் உதவிதான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். மின்சாரம் போனால் இணையமும் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் வாங்கும் வசதி இப்போது இல்லை.
— வாசகி, திருநெல்வேலி

ரவுட்டருக்கென்றே மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், உள்ளே லித்தியம் பேட்டரி. வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆனால் 9 வோல்ட் பெட்டிகளும் உண்டு. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்து, இரண்டு முனைகள் உள்ளதாக வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை வெறும் கண்ணாடி இழையும், ஒளியைப் பங்கிடும் ஸ்பிளிட்டரும் மட்டும் இருந்தால் வழியில் மின்சாரமே தேவையில்லை. நிலையத்தில் ஜெனரேட்டர் இருக்கும், உங்களுக்கு இணையம் வந்துகொண்டிருக்கும். ஆனால் தெருமுனைப் பெட்டியில் மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்துக் கொடுக்கும் இணைப்புகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்குள் வருவது மெல்லிய ஃபைபர் கேபிளா, தடித்த லேன் கேபிளா என்று பாருங்கள். லேன் கேபிள் என்றால், தெருவில் மின்சாரம் போகும்போது நீங்கள் வீட்டில் யு.பி.எஸ். வைத்தும் பயனில்லை.

பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகம். பெட்டியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.
— ஆசிரியை, மதுரை

இரண்டு கடவுச்சொற்கள் இருக்கின்றன, டீச்சர். வைஃபைக்குள் வர ஒன்று, ரவுட்டரின் அமைப்பை மாற்ற இன்னொன்று. எல்லாரும் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில், இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் பலருக்கும் கிடைக்காமல் போயின. பிடிபட்ட கேமரா, ரவுட்டர்களின் உரிமையாளர்களுக்குத் தங்கள் பெட்டி என்ன செய்தது என்றே தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன்களைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

இரண்டையும் இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் எட்டு முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். தொடர்பே இல்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், உங்களுக்கு நினைவிலும் நிற்கும். திருக்குறள் அடியோ, போன் எண்ணோ, பிள்ளைகளின் பெயரோ வேண்டாம். கடவுச்சொல் எழுதாமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். விருந்தினருக்கு கெஸ்ட் வைஃபை தனியாக இருக்கட்டும். டியூஷனுக்கு வரும் மாணவர்களுக்கும் அதையே கொடுக்கலாம்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டு சி.சி.டி.வி.யை அங்கிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் வசதி) செய்தோம், தெரியவில்லை. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?
— வாசகர், காரைக்குடி

வேண்டாம், ஐயா. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐ.பி. முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையில் நீங்கள் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும், உங்கள் வாசலுக்கே வராது. பின் எப்படி ரவுட்டரால் திறக்க முடியும்? உலகில் ஐ.பி.வி.4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது.

கேமரா நிறுவனத்தின் சொந்தச் செயலி மூலம் பார்ப்பது எளிய வழி. அதற்குப் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை, இப்போது திறந்துவைத்திருப்பதை மூடிவிடுங்கள். கேமராப் பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். நேரடியாகத்தான் பார்க்க வேண்டுமென்றால் நிறுவனத்திடம் நிலையான பொது ஐ.பி. கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் இதைத் தனி வாடகைக்குத் தருகின்றன, சில வணிக இணைப்புக்கு மட்டும் தருகின்றன. கேட்கும்போது மாதமா வருடமா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.